20 ஆண்டுப் போக்குவரத்துத் திட்டத்தை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

வேகமாக வளரும் ஒரு நகரத்துக்கு நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உள்ளாட்சிப் பொறியாளராக இருக்கலாம், ஆலோசனை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், மக்கள் தரப்பில் குழுவில் உட்காருபவராகவும் இருக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறுவீர்கள். நானும் திணறினேன்.

நான் இருந்த குழு இந்த வேலைக்கு 29 மாதம் எடுத்துக்கொண்டது. அதில் ஏறக்குறைய ஒரு வருடம், செய்த வேலையைத் திரும்பச் செய்வதிலேயே போனது. எல்லைக்கோடு எது, மக்கள்தொகை எவ்வளவு என்று கொள்வது, நகரத்தால் எவ்வளவு பணம் போட முடியும் ஆகிய மூன்றும் காகிதத்திலேயே தீர்த்துவிடக்கூடிய கேள்விகள். பெரிய செலவு எதுவும் கிடையாது. அவற்றைத் தீர்க்காமலேயே தெருவில் ஆட்களை நிறுத்தி வண்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டோம். பின்னால் ஒவ்வொரு கேள்வியாக எழுந்து வந்து எங்களைப் பின்னுக்கு இழுத்தது.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒழுங்காகப் போனால் 18 முதல் 24 மாதத்தில் முடிக்கலாம் என்பது என் கணக்கு.

1. எல்லையையும் இலக்கு ஆண்டையும் எழுத்தில் வாங்குங்கள்

நகராட்சி எல்லையைத்தான் திட்ட எல்லையாக எல்லோரும் முதலில் வரைவார்கள். ஆனால் வளரும் நகரத்தில் காலை நெரிசலை உண்டாக்குபவர்களில் பெரும்பங்கினர் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து வருபவர்கள். நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வீடு கட்டுவார்கள், வேலை நகரத்துக்குள் இருக்கும். அவர்களை விட்டுவிட்டால் நகரத்துக்குள் நுழையும் ஒவ்வொரு சாலையும் புரியாத புதிராகவே இருக்கும்.

எல்லையை எப்படி முடிவு செய்வது? பேருந்து, ரயில் பயணச்சீட்டு விவரங்களை வாங்குங்கள். பெரிய தொழிற்சாலைகள், கல்லூரிகள், மருத்துவமனைகளிடம் "உங்கள் ஊழியர்களும் மாணவர்களும் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள்?" என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் எண்ணிக்கையும் போதும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். அதில் அடர்த்தியாகத் தெரியும் ஊர்கள் எல்லாம் எல்லைக்குள் வரட்டும். அந்த ஊர்களின் உள்ளாட்சிகளிடமிருந்து ஒப்புதல் கடிதமும் வாங்கிவிடுங்கள். பின்னால் சாலையோ பேருந்து நிலையமோ அவர்கள் நிலத்தில் வரும்போது அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

ஆண்டு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளுக்கு இத்தகைய திட்டம் சட்டப்படி கட்டாயம். அது குறைந்தது 20 ஆண்டு முன்னோக்கிப் பார்க்க வேண்டும். இந்த 20 ஆண்டை நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து எண்ணுங்கள். திட்டம் எழுதவே இரண்டு வருடம் ஆகும். அதனால் அடிப்படை ஆண்டிலிருந்து (இன்றைய நிலையை அளக்கும் ஆண்டு) 25 ஆண்டு தள்ளி இலக்கு ஆண்டை வைத்தால் கடைசியில் திருத்த வேண்டி வராது. நடுவில் 5, 10, 15 ஆண்டுகளுக்கும் ஒரு நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பவர்கள் அந்த நடு ஆண்டுகளைத்தான் கேட்பார்கள்.

2. மக்கள்தொகை எண்ணுக்குக் கையெழுத்து வாங்குங்கள்

எங்களுக்கு அதிக அடி விழுந்தது இங்கேதான்.

ஒரே நகரத்தைப் பற்றித் தண்ணீர்த் துறையிடம் ஓர் எண் இருக்கும், நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் துறையிடம் வேறோர் எண், வீட்டு வசதித் துறையிடம் மூன்றாவதாக ஒன்று. மூன்றுமே அவரவர் தேவைக்குச் சரியாகத்தான் இருக்கும். நாங்கள் நல்லெண்ணத்தோடு நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டோம். யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. மாடல், அதாவது நகரத்தின் பயணங்களைக் கணிக்கும் கணினிக் கணக்கு, முழுதும் ஓடி முடித்த எட்டாவது மாதத்தில் ஒரு துறை "இது எங்கள் எண் இல்லை" என்று எழுதி அனுப்பியது. எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம்.

எண் கொஞ்சம் மாறினால் என்ன என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 5 லட்சம் பேர் வாழும் நகரம் ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 9 லட்சம் ஆகும். 4 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய 11 லட்சம். ஒரே ஒரு சதவீத வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் கூடிவிடுகிறார்கள். அவர்களுக்கு எத்தனை பேருந்து, எத்தனை பாலம் என்ற பேச்செல்லாம் அந்த ஒரு சதவீதத்தில் அடங்கியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. எல்லாத் துறைகளையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். ஒற்றை எண்ணைக் கேட்காமல் குறைந்த வளர்ச்சி, நடுத்தர வளர்ச்சி, அதிக வளர்ச்சி என மூன்றைக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒப்புதல் வாங்கி, கூட்டக் குறிப்பில் எழுதி, வந்தவர்கள் அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு எண்ணுக்காகச் சண்டை போடுபவர்கள் மூன்று எண் என்றதும் இறங்கி வருவார்கள். யாருடைய எண்ணும் விட்டுப்போகாதே.

மொத்த எண்ணோடு வேலை முடியாது. வரப்போகிற புதியவர்கள் எந்தப் பக்கம் வீடு கட்டப்போகிறார்கள், வேலை எங்கே பெருகும், பள்ளிகள் எங்கே வரும் என்று மண்டலவாரியாகப் பிரிக்க வேண்டும். நகரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஏற்கெனவே இருந்தால் அதன் வரைபடத்தைக் கணினிக் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். காகித வரைபடத்தையோ பிடிஎஃப் படத்தையோ வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பாதீர்கள். அதை மறுபடி வரைய எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. இந்தப் படி முழுவதுக்கும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

3. பணத்தின் மேல்வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

விருப்பப் பட்டியல் எழுதுவது சுலபம். நகரத்தால் தாங்க முடியாத பட்டியலை எழுதினால் அது அலமாரிக்குத்தான் போகும். அமெரிக்கச் சட்டம் இதை நேரடியாகவே கேட்கிறது: பணம் எங்கிருந்து வரும் என்று நியாயமாகக் காட்டக்கூடிய வேலைகளைத்தான் திட்டத்துக்குள் சேர்க்கலாம், மற்றவை தனிப் பட்டியலாகப் பின்னால் போகும். உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும் இந்த ஒழுங்கை நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தேவைப்படும் ஆவணம் கடந்த 10 ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள். நிதிநிலை அறிக்கையில் எழுதிய தொகையை நம்ப வேண்டாம். ஒதுக்கியது வேறு, உண்மையில் செலவானது வேறு. சாலை, பேருந்து, நடைபாதை, விளக்கு என்று தனித்தனியாகப் பிரித்து, அதில் புதிய கட்டுமானம் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். பெரும்பாலும் பராமரிப்புச் செலவு கூடிக்கொண்டே போவதும், புதிய வேலைக்கு மிஞ்சுவது நினைத்ததைவிடக் குறைவாக இருப்பதும் தெரியவரும். மேல்வரம்பு அதுதான்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. பாலம் கட்டும் செலவை எழுதிவிட்டு அதை 20 ஆண்டு பராமரிக்கும் செலவை எழுதாமல் விடுவது ஒன்று. பேருந்து வாங்கும் செலவை எழுதி ஓட்டுநர் சம்பளத்தை மறப்பதும் இதே கதைதான். மற்றொன்று, 12 ஆண்டு கழித்துச் செய்யப்போகும் வேலைக்கு இன்றைய விலையைப் போடுவது. செலவாகும் ஆண்டின் விலையில் எழுதுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அதே வேலை 1.8 மடங்கு ஆகிவிடும்.

4. ஒப்பந்தத்தில் கோப்புகளைக் கேளுங்கள்

சின்ன நகரங்களில் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தித்தான் வேலை நடக்கும். பணி வரையறை எழுதி, டெண்டர் விட்டு, மதிப்பிட்டு, கையெழுத்தாக நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். மேலே சொன்ன மூன்று படிகளையும் இந்தக் காத்திருப்புக் காலத்திலேயே செய்துவிடலாம். நாங்கள் அந்த மாதங்களைச் சும்மா விட்டோம்.

ஒப்பந்தத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியவை என்று நான் நினைப்பது:

கணக்கெடுப்பின் மூலத் தரவு நகரத்துக்குச் சொந்தம். சுருக்க அட்டவணை போதாது. ஒவ்வொரு பதிலும் வரிசையாக உள்ள கோப்பு வேண்டும், பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட நிலையில்.

மாடல் கோப்புகள், அவற்றின் விளக்கக் குறிப்பு, உங்கள் ஆட்கள் இருவருக்காவது பயிற்சி. மென்பொருள் உரிமத்தையும் கவனியுங்கள். விசம், எம்மி, டிரான்ஸ்கேட் போன்றவை கட்டண மென்பொருள்கள். ஒப்பந்தம் முடிந்ததும் உரிமமும் முடிந்தால் கையில் இருக்கும் மாடலைத் திறக்கவே முடியாது. உரிமக் கட்டணத்தைக் குறைந்தது ஐந்து ஆண்டுக்குச் செலவில் சேருங்கள். இல்லையென்றால் அக்விலிப்ரே, மேட்சிம் போன்ற திறந்த மென்பொருளில் செய்து தரச் சொல்லுங்கள். வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் இலவசம், அதுவே போதும்.

கடைசித் தவணை. அறிக்கையைப் பெற்றதும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கோப்புகளை உங்கள் கணினியில், உங்கள் ஆள் திறந்து, ஒருமுறை ஓட்டி, அறிக்கையில் உள்ள அதே எண் வருகிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லை. கோப்புகளைக் கேட்டு நான்கு மாதம் கடிதம் எழுதினோம். கடைசியில் வந்தவற்றில் பாதி திறக்கவில்லை.

சட்டப்படி சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய திட்டங்களுக்கு 2001-ஆம் ஆண்டு விதியின்படி அது வேண்டும். கடைசியில் தெரியவந்தால் பல மாதம் கூடுதலாகப் போகும்.

5. கணக்கெடுப்பு: பணம் போகும் இடம்

எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேருந்து நிறுவனத்தின் பயணச்சீட்டு விவரம், காவல் துறையின் விபத்துப் பதிவு, சிக்னல்களில் இருக்கும் கேமராக்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் சாலை விவரம். பேருந்து நேர அட்டவணையை ஜிடிஎஃப்எஸ் என்ற பொதுவான கணினிக் கோப்பு வடிவத்தில் யாராவது ஏற்கெனவே செய்து வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இவற்றை எல்லாம் சேர்த்த பிறகு எது இல்லையோ அதை மட்டும் தெருவில் போய் எடுங்கள்.

வீட்டுக்கு வீடு கணக்கெடுப்புதான் அதிகச் செலவு வைக்கும். "எத்தனை சதவீத வீடுகள்?" என்று எல்லோரும் கேட்பார்கள். சதவீதத்தைவிட எண்ணிக்கைதான் முக்கியம். சரியாகக் குலுக்கி எடுத்த 400 பதில்கள் இருந்தால் ஒரு விகிதத்தைப் பிளஸ் மைனஸ் 5 சதவீதப் புள்ளி துல்லியத்தில் சொல்லலாம். அந்தப் பிழையைப் பாதியாக்க 1,600 பதில்கள் வேண்டும். அதாவது துல்லியம் இரட்டிப்பாக, செலவு நான்கு மடங்காகும். நகரத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விடை வேண்டுமென்றால் எட்டு நானூறு. எதற்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று உட்கார்ந்து பேசிவிட்டுப் பிறகு விலை கேளுங்கள்.

கேள்வித்தாளில் கவனிக்க வேண்டியவை சில. "நேற்று எங்கெல்லாம் போனீர்கள்?" என்று வரிசையாகக் கேளுங்கள், நடந்து போனதையும் சேர்த்து. "முக்கியப் பயணம் எது?" என்று கேட்டால் நடை விட்டுப்போகும், பள்ளிக்குப் பிள்ளையை விட்டு, கடைக்குப் போய், பேருந்து நிறுத்தம்வரை நடந்தவருடைய நாள் ஒற்றைப் பேருந்துப் பயணமாகச் சுருங்கிவிடும். வீட்டுத் தலைவர் ஒருவரே எல்லோருக்காகவும் பதில் சொல்வதை அனுமதிக்காதீர்கள். மற்றவர்களின் சின்னப் பயணங்கள் அவருக்குத் தெரியாது. எங்கள் முதல் சுற்றில் இப்படித்தான் பெண்களின் பயணம் பாதியாகக் குறைந்து வந்தது. நல்லவேளையாக அது 50 வீட்டு முன்னோட்டம்தான். முன்னோட்டம் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

சாலையில் எண்ணுவதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஆறோ ரயில் பாதையோ நகரத்தை இரண்டாகப் பிரித்தால், அதைக் கடக்கும் பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் மட்டும் எண்ணுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் அத்தனை பேரும் அங்கே அகப்படுவார்கள். பெரும்பாலான இடங்களில் 16 மணி நேரம், சில இடங்களில் 24 மணி நேரம், ஒன்றிரண்டு இடங்களில் ஏழு நாளும் எண்ணலாம். பதிவு 15 நிமிடத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். வண்டிகளோடு ஆட்களையும் எண்ணுங்கள். 50 பேர் நிற்கும் பேருந்தும் ஒருவர் மட்டும் இருக்கும் காரும் தாளில் ஒவ்வொரு கோடாகவே விழுந்தால் திட்டம் முழுதும் காருக்குச் சாய்ந்துவிடும்.

நாள் தேர்வும் முக்கியம். பள்ளி விடுமுறை, தேர்வுக் காலம், பண்டிகை வாரம், கனமழை, சாலைத் தோண்டல் எல்லாவற்றையும் தவிர்த்தால் வருடத்தில் மிஞ்சும் நல்ல வாரங்கள் குறைவு. அந்த வாரங்களை நாட்காட்டியில் முதலில் குறித்து, அதற்கேற்ப டெண்டர் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஒரு வாரம் தவறினால் சில சமயம் அடுத்த வாய்ப்புக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும்.

6. மாடலிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வழக்கமான மாடல் நான்கு கேள்விகளுக்கு வரிசையாக விடை தேடுகிறது: ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போகும், எந்த வாகனத்தில் போகும், எந்தச் சாலை வழியாகப் போகும். அவ்வளவுதான். நகரம் சிறியது, கேள்வியும் ஒன்றிரண்டு வழித்தடம் பற்றியதுதான் என்றால் இவ்வளவு பெரிய மாடலே தேவையில்லை. எக்செல் தாளும் நல்ல கணக்கெடுப்பும் போதும்.

மாடல் இன்றைய நிலையைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஜிஇஹெச் என்ற அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. மாடல் சொன்ன எண்ணுக்கும் தெருவில் எண்ணிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மணிக்கு 1,000 வண்டி எண்ணிய இடத்தில் மாடல் 1,100 என்றால் விடை சுமார் 3.1. மாடல் 1,200 என்றால் சுமார் 6. குறைந்தது 85 சதவீத இடங்களில் 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் வைத்திருக்கும் வழக்கம்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எண்ணிக்கையோடு பொருந்தும்வரை உள்ளே இருக்கும் பயண அட்டவணையை (எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு எத்தனை பயணம் என்ற பட்டியலை) இழுத்துப் பிடித்துச் சரிசெய்ய முடியும். அறிக்கையில் 85 என்ன, 95 சதவீதம்கூட வந்துவிடும். ஆனால் அந்த மாடலுக்கு வருங்காலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைத் தடுக்க நான் இப்போது செய்வது: எண்ணிய இடங்களில் ஐந்தில் ஒரு பங்கை ஆலோசனை நிறுவனத்திடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொள்கிறேன். மாடல் தயார் என்று சொன்ன பிறகு அந்த இடங்களின் விடையைக் கேட்டு ஒப்பிடுகிறேன். இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் மனவருத்தம் வராது.

அப்புறம், பேருந்துக் கட்டணத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும், எரிபொருள் விலை இரட்டிப்பானால் என்ன ஆகும் என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எதை மாற்றினாலும் விடை அசையவில்லை என்றால், அல்லது தலைகீழாகப் புரண்டால், உள்ளே ஏதோ சரியில்லை. இந்தப் படிக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் வையுங்கள்.

7. வேலைகளைத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் கேட்பது சாலையை அகலப்படுத்துவதைத்தான். அதை எடுத்த எடுப்பில் ஒதுக்காதீர்கள், ஆனால் கூடவே இரண்டு விஷயங்களை மேசையில் வையுங்கள். பொருளாதார ஆய்வாளர்கள் ஜில் டுராண்டனும் மேத்யூ டர்னரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நகர்ப்பகுதிகளில் நெடுஞ்சாலைத் தடங்களின் மொத்த நீளம் எந்த அளவு கூடியதோ ஏறக்குறைய அதே அளவு வண்டிகள் ஓடிய தூரமும் கூடியது என்று காட்டினார்கள். அகலப்படுத்திய சாலை திரும்ப நிரம்பும். இரண்டாவது, ஒரு தடத்தில் எத்தனை பேர் போக முடியும் என்பது. அமெரிக்காவின் நாக்டோ (நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கம்) வெளியிட்ட ஒப்பீட்டின்படி, கார்கள் ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு 600 முதல் 1,600 பேர் போகலாம். பேருந்துக்கென்றே ஒதுக்கிய தடத்தில் 4,000 முதல் 8,000 பேர். இடம் குறைவாக உள்ள நகரத்தில் இந்தக் கணக்குதான் பேச வேண்டும்.

செலவு மதிப்பீட்டை அப்படியே நம்பாதீர்கள். பென்ட் ஃப்ளூபியரும் உடன் ஆய்வாளர்களும் 258 திட்டங்களை ஆராய்ந்து 2002-இல் எழுதியதில், மதிப்பிட்டதைவிட ரயில் திட்டங்களுக்குச் சராசரியாக 45 சதவீதமும் பாலம், சுரங்கப் பாதைகளுக்கு 34 சதவீதமும் சாலைகளுக்கு 20 சதவீதமும் கூடுதலாகச் செலவானது தெரிந்தது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் வந்த மதிப்பீட்டோடு அந்த வகைக்குரிய கூடுதலையும் சேர்த்து, அதன்பிறகு மூன்றாம் படியில் எழுதிய மேல்வரம்போடு ஒப்பிடுங்கள். பட்டியல் சுருங்கும். சுருங்கட்டும்.

மூன்று வளர்ச்சி நிலைகளையும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பயன்படும் வேலைகளை முதல் ஐந்தாண்டில் வையுங்கள். நடைபாதை, சாலைக் குறுக்கிடங்களின் பாதுகாப்பு, பேருந்துத் தடம் ஆகியவை அனேகமாக அங்கே வந்து சேரும். அதிக வளர்ச்சியில் மட்டும் தேவைப்படும் பெரிய வேலைகளைத் தள்ளி வையுங்கள், ஆனால் அவற்றுக்கான நிலத்தை இன்றே ஒதுக்குங்கள். சிங்கப்பூர் 1971-இல் வகுத்த நீண்டகாலத் திட்டத்திலேயே ரயில் தடங்களுக்கு இடம் குறித்துவிட்டது. முதல் மெட்ரோ 1987-இல்தான் ஓடியது. வளரும் நகரத்தில் பணம் பிறகு வரலாம், காலி நிலம் திரும்பி வராது. நில ஒதுக்கீட்டுக்கு வேண்டிய சர்வே எண் பட்டியலையும் அளவு வரைபடத்தையும் திட்டத்தோடே இணையுங்கள். "பின்னர் இணைக்கப்படும்" என்று எழுதினால் அதற்குள் அங்கே வீடு முளைத்துவிடும். அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருந்தால், திட்டம் அச்சாவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் அதைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடுவது பெரிய கொடுமை.

8. மக்களிடம் இரண்டு முறை போங்கள்

முதல்முறை, கணக்கெடுப்பின்போதே: "உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" இரண்டாவது, பட்டியல் சுருங்கிய பிறகு, இறுதியாவதற்கு முன். நாங்கள் இறுதி வரைவோடு ஒரே முறை போனோம். "முடிவு செய்துவிட்டு எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

வரைவை முழுதாக வெளியிடுங்கள். கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு சுருக்கம், தெருப்பெயர் தெரியும் அளவில் ஒரு வரைபடம். சட்டம் 30 நாள் என்றால் 60 நாள் கொடுங்கள். கூட்டங்களை மாலையில், பேருந்தில் வந்து போகக்கூடிய இடத்தில் வையுங்கள். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் கொடுத்து, என்ன பதில், திட்டத்தில் எங்கே மாற்றம் என்று ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். நீதிமன்றம்வரை போனால் அந்தப் பதிவேடுதான் உங்கள் சாட்சி. இதற்கு மட்டும் மூன்று மாதமும் ஒரு முழுநேர ஆளும் தேவை.

9. ஒப்புதலும் அதற்குப் பிறகும்

தேர்தல் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு நெருக்கமாக வைத்தால் கோப்பு நகராது. புதிய மன்றம் வந்ததும் மூன்று எண்களையும் மறுபடி விளக்க வேண்டியிருக்கும். மன்றத் தீர்மானத்திலேயே அடுத்த திருத்தம் எப்போது என்று எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் காற்று மாசு அதிகமுள்ள பகுதிகளில் 4 ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதே இடைவெளி போதுமானது. நடுவில் வருடத்துக்கு ஒருமுறை, அதே பாலங்களில், அதே மாதத்தில் எண்ணுங்கள். செலவு சொற்பம். நகரம் மூன்று வளர்ச்சிகளில் எதன் வழியே போகிறது என்று தெரிய அது போதும்.

கடைசியாக, ஒப்புதல் கிடைத்த வாரத்திலேயே ஒரு முழு நாளை ஒதுக்கி ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள். மூலத் தரவு எங்கே, மாடலின் எந்தப் பதிப்பு இறுதியானது, உரிமம் எப்போது முடிகிறது, கையெழுத்தான கூட்டக் குறிப்புகள் எந்தக் கோப்பில், கருத்துப் பதிவேடு யாரிடம். நான் எழுதியது நாலு பக்கம் வந்தது. ஒரு பிரதியைப் பதிவறையிலும் ஒன்றைக் கணினியில் மாடல் இருக்கும் அதே கோப்புறையிலும் வைத்தேன். என் இடத்துக்கு வந்தவர் முதல் வாரத்திலேயே அதைப் பார்த்து மாடலை ஓட்டினார், எண் சரியாக வந்தது.